காலியான கூடும் காக்கை மேல் விழும் பழியும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். புதரில் ஒரு சின்னான் (புல்புல்) ஜோடி கூடு கட்டி மூன்று முட்டை இட்டது. மூன்றும் பொரித்தன. குஞ்சுகள் கண் திறந்து சிறகு முளைக்கத் தொடங்கிய நேரம், ஒருநாள் காலையில் பார்த்தால் கூடு காலி. கூடு கலையவில்லை, இறகோ ரத்தமோ எங்கும் இல்லை. முந்தைய நாள் இரண்டு காக்கைகள் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தன. காக்கைதானே எடுத்திருக்கும்? அவற்றை விரட்டினால் அடுத்த ஈடு பிழைக்குமா? கூட்டைச் சுற்றி வலை கட்டலாமா?

காக்கையாக இருக்கலாம்தான். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் பாம்பின் மேல்தான் போகும். காக்கையை விரட்டுவதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. வலை வேண்டவே வேண்டாம். யார் எடுத்தார்கள் என்பதைவிட, அந்தக் கூடு இருக்கும் இடம் எப்படி வெளியே தெரிந்தது என்று கேட்டால்தான் உங்களுக்குப் பயன்படும் விடை கிடைக்கும்.

முதலில் ஒரு கணக்கு. பாடும் பறவைகளின் கூடுகளில் பாதிக்கு மேல் வீணாய்ப் போவது பல இடங்களில் சாதாரணம். மழை, காற்று, பட்டினி, ஒட்டுண்ணி என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய காரணம் முட்டையையும் குஞ்சையும் தின்னவரும் விலங்குகள்தான். திறந்த கிண்ணம் மாதிரி கூடு கட்டும் இனங்களுக்கு இது அதிகம்; மரப்பொந்தில் முட்டையிடுபவற்றுக்குக் குறைவு. முட்டையிடத் தொடங்கியதிலிருந்து குஞ்சு வெளியேறும் வரை சிறிய பறவைகளுக்குச் சுமார் 25 நாள் ஆகும். ஒவ்வொரு நாளும் கூடு தப்பிக்கும் வாய்ப்பு 95 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வாய்ப்பாகத்தான் தெரியும். ஆனால் 25 நாளுக்கும் சேர்த்துப் பெருக்கினால் நூறு கூடுகளில் 28 மட்டுமே தேறும். அதே வாய்ப்பு 97 சதவீதமானால் 47 தேறும். ஒரு நாளுக்கு இரண்டே சதவீத வித்தியாசம், முடிவிலோ ஒன்றரை மடங்குக்கும் மேல். இப்படி நாள் கணக்கில் பார்க்க வேண்டும் என்று 1961-இல் எழுதிக்காட்டியவர் ஹெரால்டு மேஃபீல்டு என்ற அமெரிக்கப் பறவை ஆர்வலர். அதற்கு முன் பலரும் கண்ணில் பட்ட கூடுகளில் எத்தனை வென்றன என்று மட்டும் எண்ணினார்கள். கட்டிய இரண்டாம் நாளே அழிந்த கூடு யார் கண்ணிலும் படாது, அதனால் கணக்கிலும் வராது. வெற்றி விகிதம் உண்மையைவிட உயர்ந்தே தெரியும்.

பறவைகளின் வாழ்க்கையே இந்த இழப்பைக் கணக்கில் வைத்து அமைந்தது. ஒரு ஜோடி தன் வாழ்நாள் முழுவதிலும் இரண்டு குஞ்சுகளை இனப்பெருக்க வயதுவரை கொண்டுவந்துவிட்டால் போதும், எண்ணிக்கை குறையாது. அதனால்தான் கூடு போனதும் பெரும்பாலான இனங்கள் சில நாளிலேயே வேறிடத்தில் கட்டத் தொடங்குகின்றன, ஒரே பருவத்தில் இரண்டு மூன்று ஈடு போடுகின்றன.

சரி, எடுப்பது யார்? முன்பெல்லாம் இதைத் தடயம் பார்த்துத்தான் சொன்னார்கள். கூடு கலையாமல் இருந்தால் பாம்பு, கிழிந்து தொங்கினால் பாலூட்டி, ஓட்டில் கொறித்த தடம் இருந்தால் எலி, குத்திய துளை இருந்தால் பறவை என்று ஒரு வாய்ப்பாடு இருந்தது. சிறிய வீடியோ கேமராக்களையும் அகச்சிவப்பு விளக்குகளையும் கூட்டருகே வைக்கத் தொடங்கியபின் அந்த வாய்ப்பாட்டில் பாதி ஆட்டம் கண்டது. ஒரே விலங்கு ஒருநாள் கூட்டைக் கிழிக்கிறது, இன்னொரு நாள் தொட்ட தடமே இல்லாமல் முட்டையை எடுத்துப் போகிறது. ஒரு விலங்கு தின்றுவிட்டுப் போனபின் வேறொன்று வந்து கூட்டைக் கலைக்கிறது. தாய்ப்பறவையே உடைந்த ஓடுகளைத் தூக்கிப்போய்த் தடயத்தை அழித்துவிடுகிறது. ஆகவே உங்கள் கூட்டை வைத்து நான் பாம்பு என்பதும் ஓர் ஊகம்தான், கொஞ்சம் வலுவான ஊகம்.

கேமராவில் சிக்கியவர்கள் பட்டியலில் யாரும் நினைக்காத ஆட்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா புல்வெளிகளில் தரையில் கூடு கட்டும் குருவிகளின் குஞ்சுகளை வெள்ளைவால் மான்கள் தின்னும் காட்சி பதிவாகி, 2000-இல் அது ஆய்வுக்கட்டுரையாக வந்தது. புல் மேயும் மான்தான். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் எளிதாகக் கிடைத்தால் தாவர உண்ணிகள் பலவும் விடுவதில்லை. அணில்களும் அப்படியே. பழமும் விதையும் தின்று வாழும் அப்பாவி என்று நாம் நினைக்கும் அணில் முட்டை கண்டால் உருட்டிக் கடிக்கும், பிஞ்சுக் குஞ்சையும் தின்னும். தாய்லாந்தின் வடகிழக்கில் சகேரத் காட்டில் கேமரா வைத்துப் பார்த்தபோது முன்வரிசையில் நின்றவை ஒரு குரங்கு இனமும் இரவில் மரமேறும் பச்சைப் பூனைப்பாம்பும்.

பாம்பு எப்படிக் கூட்டைக் கண்டுபிடிக்கிறது? மோப்பம் மட்டும் அல்ல, கண்ணும்தான். பகலில் வேட்டையாடும் மரமேறிப் பாம்புகள் பெற்றோர் இரை தூக்கிக்கொண்டு ஒரே புதருக்குள் திரும்பத் திரும்ப நுழைவதைக் கவனிக்கின்றன. குஞ்சு பொரித்தபின் போக்குவரத்து பெருகும், அதனால் ஆபத்தும் பெருகும். இரவில் வரும் பாம்பு இன்னும் மோசம்: முட்டையோடு, அடைகாத்துக்கொண்டிருக்கும் தாயையும் சேர்த்துப் பிடித்துவிடலாம். கேமராப் பதிவுகளில் பார்த்தால் இதில் ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது. கிளை வழியே தலை மெதுவாக வரும், கூட்டின் விளிம்பில் ஒரு கணம் நிற்கும், நாக்கு இரண்டு முறை வெளியே வந்து போகும், பிறகு ஒவ்வொரு குஞ்சாகத் தலைவழியே உள்ளே போகும். நார் ஒன்றுகூடக் கலையாது. மெல்லவோ கிழிக்கவோ பாம்புக்குத் தெரியாது, முழுதாக விழுங்கத்தான் தெரியும். அதனால்தான் ரத்தமும் இல்லை, இறகும் இல்லை. மூன்று குஞ்சும் ஒரே இரவில் போயிருந்தால் என் சந்தேகம் இன்னும் உறுதியாகும். காக்கை இருட்டில் வேலை செய்யாது.

பாம்பு எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்குக் குவாம் தீவைவிடப் பெரிய சான்று இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கப்பல் சரக்கோடு பழுப்பு மரப்பாம்பு அந்தப் பசிபிக் தீவுக்கு வந்து சேர்ந்தது. மரமேறிக் கூட்டைத் தேடும் பாம்பை அந்தத் தீவின் பறவைகள் அதுவரை கண்டதே இல்லை. எப்படிக் கூட்டை ஒளிப்பது, எப்போது எச்சரிப்பது என்று எதுவும் அவற்றுக்குத் தெரியாது. அங்கே வாழ்ந்த 12 வகைக் காட்டுப் பறவைகளில் 10 வகை தீவுக் காட்டிலிருந்து மறைந்தன. குவாம் ஈப்பிடிப்பான் உலகிலேயே இல்லாமல் போய்விட்டது. பூச்சிமருந்தாக இருக்குமோ, நோயாக இருக்குமோ என்று பல ஆண்டுகள் தேடினார்கள். பாம்புதான் காரணம் என்று ஜூலி சாவிட்ஜ் 1987-இல் நிறுவினார். பறவைகள் மறைந்த வரிசையும் பாம்பு பரவிய வரிசையும் தீவின் வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தின.

இனி காக்கைக் குடும்பம். ஒரு வேடிக்கை: அறிவியல் வகைப்பாட்டில் காக்கையும் பாடும் பறவைதான். அதன் பாட்டு நமக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். காக்கை, வால்காக்கை, மேக்பை, ஜே எல்லாம் முட்டையும் குஞ்சும் தின்பவை; கீச்சான் போன்ற வேறு பாடும் பறவைகளும் பிறர் குஞ்சுகளைப் பிடிக்கின்றன. இவற்றின் பலம் அலகு இல்லை, நினைவாற்றல். உயரமான கிளையில் பொறுமையாக உட்கார்ந்து யார் எந்தப் புதருக்குள் போகிறார்கள் என்று பார்க்கும். இன்று ஆள் நடமாட்டம் இருந்தால் நாளை வரும். பகிரங்கமாக, கூச்சலோடு வரும் என்பதால் எல்லாப் பழியும் இவற்றின் தலையில்தான் விழுகிறது. இரவில் வரும் பாம்பையும் எலியையும் மரநாயையும் யாரும் பார்ப்பதில்லை. புதருக்குள்ளேயே நடந்து கூடு கூடாகத் துழாவும் செம்போத்தை அதன் அழகுக்காகவே பலர் மன்னித்துவிடுகிறார்கள்.

பிரிட்டனில் மேக்பை பெருகிய காலமும் சில பாடும் பறவைகள் குறைந்த காலமும் ஒன்றாக அமைந்தன. உடனே பழி மேக்பை மேல். ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்த்த கூட்டுப் பதிவுகளையும் எண்ணிக்கைகளையும் இணைத்துப் பார்த்து 1991-இல் வந்த ஆய்வு, மேக்பை அதிகமான இடங்களில் பாடும் பறவைகள் வேகமாகக் குறைந்தன என்பதற்கு ஆதாரமில்லை என்றது. விளைநிலங்களின் தன்மை மாறியது, வேலிப்புதர்கள் போனது, பூச்சி குறைந்தது ஆகியவைதான் பெரிய காரணங்கள். ஒரு கூட்டை அழிப்பது வேறு, ஓர் இனத்தின் எண்ணிக்கையைக் குறைப்பது வேறு. காக்கை முதலாவதைத் தினமும் செய்கிறது, இரண்டாவதை அபூர்வமாகத்தான் செய்கிறது.

பறவைகளில் இன்னொரு திறமைசாலி, ஆப்பிரிக்காவின் ஹாரியர் பருந்து. அதன் கணுக்கால் முன்னும் பின்னும் இரு பக்கமும் வளையும். தூக்கணாங்குருவியின் உறவினர்கள் கட்டிய தொங்கும் கூட்டில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டும், மரப்பொந்துக்குள் காலை விட்டுத் துழாவியும் குஞ்சை இழுத்துவிடும். வல்லூறு இனங்கள் கூட்டைவிட, கூட்டைவிட்டு இறங்கிய புதுக் குஞ்சுகளைத்தான் அதிகம் குறிவைக்கின்றன. ஐரோப்பியச் சிட்டுப்பருந்தின் குஞ்சுகள் பொரிக்கும் நேரமே, காட்டில் பட்டாணிக்குருவிக் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளிவரும் நேரத்தை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது.

பாலூட்டிகளில் எலிக்குத் தனி இடம் தரவேண்டும். 1918-இல் மகாம்போ என்ற கப்பல் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான லார்டு ஹோவ் தீவில் தரைதட்டியது. அதிலிருந்து எலிகள் கரையேறின. சில ஆண்டுகளுக்குள் அந்தத் தீவுக்கே உரிய ஐந்து பறவைகள், ஒரு பூங்குருவி, ஒரு வெள்ளைக்கண்ணி, ஒரு விசிறிவால், ஜெரிகோன் என்ற ஒரு சிறு பறவை, ஒரு மைனா உறவினர், ஐந்துமே பாடும் பறவைகள், இல்லாமல் போயின. நூறு ஆண்டுகள் கழித்து, 2019-இல் தான் அங்கே எலி ஒழிப்பைப் பெரிய அளவில் நடத்தினார்கள். பாம்பும் எலியும் தம் சொந்த ஊரில் இப்படிப் பேரழிவு செய்வதில்லை. அங்கே அவற்றைத் தின்ன ஆள் இருக்கிறது, அவற்றிடமிருந்து தப்பத் தெரிந்த பறவைகளும் இருக்கின்றன.

ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் 1947 முதல் பட்டாணிக்குருவிகளை மரப்பெட்டிகளில் கூடு கட்டவைத்து ஆராய்கிறார்கள். அங்கே பெரிய தொல்லை வீசல் என்ற, ஒல்லியான, எலிப்பொந்திலும் நுழையக்கூடிய சிறிய ஊனுண்ணி. பசியோடு கத்தும் குஞ்சுகள் உள்ள பெட்டிகள் அதற்கு எளிதாக அகப்படுகின்றன. கத்தல் என்பது பெற்றோருக்கு மட்டும் போய்ச் சேரும் செய்தி இல்லை. தரையில் கூடு கட்டும் சில கதிர்க்குருவிக் குஞ்சுகளின் குரல், மரத்தில் கட்டும் உறவினர்களின் குரலைவிடக் கீச்சென்று உயர்ந்த சுருதியில் இருக்கிறது. உயர்ந்த சுருதி ஒலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம், தொலைவுக்கும் போகாது.

எறும்பும் இந்தப் பட்டியலில் உண்டு என்பதைப் பலர் நம்புவதில்லை. தென் அமெரிக்காவிலிருந்து பரவிய சிவப்புத் தீ எறும்பு, ஓட்டை உடைத்து வெளிவரும் குஞ்சுகளையும் கூட்டில் கிடக்கும் குஞ்சுகளையும் கொன்றுவிடுகிறது.

அடுத்து கொஞ்சம் வித்தியாசமான கொள்ளையர்: குயில் போல அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் பறவைகள். இவை தங்கள் முட்டையை வைப்பதோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் பழுப்புத்தலை கவ்பேர்டு வைத்த முட்டையை ஆய்வாளர்கள் எடுத்துவிட்ட கூடுகளில் 56 சதவீதம் பின்னர் அழிக்கப்பட்டன. அந்த முட்டையை அப்படியே விட்ட கூடுகளில் 6 சதவீதம்தான் அழிந்தன. 2007-இல் வந்த இந்த ஆய்வு, புரோத்தோனோட்டரி கதிர்க்குருவியின் கூட்டுப்பெட்டிகளில் செய்தது. பணம் தராத கடையை உடைக்கும் ரவுடி மாதிரி என்று அதற்கு மாஃபியா உத்தி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஹவுஸ் ரென் என்ற குருவி இன்னும் சின்ன ஆள். தின்பதற்காக அல்லாமல், பொந்துக்கான போட்டியில் பக்கத்துக் கூட்டு முட்டைகளைக் குத்தித் துளைத்துவிட்டுப் போய்விடும்.

இவ்வளவுக்கும் நடுவில் பறவைகள் சும்மா இருப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜப்பானியப் பட்டாணிக்குருவி. பொந்துக்குள் குஞ்சுகள். வெளியே காக்கை வந்தால் பெற்றோர் ஒருவிதமாகக் கத்தும். பாம்பு வந்தால் முற்றிலும் வேறு விதமாக, கரகரவென்று கத்தும். காக்கைக் குரல் கேட்டதும் குஞ்சுகள் பொந்தின் அடியில் அமுங்கிக்கொள்ளும், ஏனென்றால் காக்கை வாசல் வழியாக அலகை விட்டு எட்டியதைத்தான் இழுக்கும். பாம்புக் குரல் கேட்டதும் எல்லாக் குஞ்சும் வெளியே குதித்துவிடும், ஏனென்றால் பாம்பு உள்ளேயே வந்துவிடும், அமுங்கிப் பயனில்லை. இதுவரை பாம்பைக் கண்ணால் பார்த்திராத, பறக்கச் சரியாகத் தெரியாத குஞ்சுகள் இவை. தோஷிதாகா சுசூகி 2011-இல் வெளியிட்ட ஆய்வு இது. குரலைப் பதிவுசெய்து ஒலிபரப்பினாலே போதும், குஞ்சுகள் அதே மாதிரி நடந்துகொண்டன.

ஆஸ்திரேலியாவின் பழுப்பு முள்ளலகி காட்டும் சாமர்த்தியம் வேறு ரகம். கூட்டைத் தாக்கவரும் கரவாங் பறவை அதைப்போல 40 மடங்கு பெரியது. சண்டை போட்டு ஆகாது. எனவே அது மற்ற பறவைகள் பருந்தைக் கண்டால் எழுப்பும் எச்சரிக்கைக் குரல்களைக் கலந்து போலியாகக் கத்துகிறது. பருந்து வந்துவிட்டதோ என்று கரவாங் வானத்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் குஞ்சுகள் தப்பிக்க வழி கிடைக்கலாம். ஆப்பிரிக்காவின் கேப் பெண்டுலைன் குருவியின் கூட்டில் எடுப்பாகத் தெரியும் வாசல் ஒன்று உண்டு, அது எங்கும் போகாத வெற்று அறை. உண்மையான வழி அதற்கு மேலே மூடியிருக்கும். தூக்கணாங்குருவி நீர்மேல் தொங்கும் கிளையில் நீண்ட குழாய் வாசலோடு கட்டுகிறது. சில பறவைகள் குளவிக்கூட்டுக்கு அருகே கட்டுகின்றன, சில கரிச்சானின் கூட்டுக்குப் பக்கத்தில். காக்கையையும் பருந்தையும் துரத்தும் கரிச்சான் அக்கம்பக்கத்தார்க்கும் சேர்த்துக் காவல் காக்கிறது. பெரிய கொண்டை ஈப்பிடிப்பான் பாம்புச் சட்டையைக் கூட்டில் வைக்கும் வழக்கத்தை அலங்காரம் என்றே நெடுநாள் நினைத்தார்கள். 2006-இல் வெளியான ஒரு சோதனையில், சட்டை வைத்த பெட்டிகளைப் பறக்கும் அணில்கள் தவிர்த்தன.

இனி, நேரடியாகத் தின்னாமலே செய்யும் சேதம். இதைத்தான் மக்கள் அதிகம் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பாட்டுக் குருவிகளின் கூடுகளைச் சுற்றி மின்வேலியும் வலையும் போட்டு எந்த விலங்கும் உண்மையில் நெருங்காமல் செய்தார்கள். பிறகு ஒரு பகுதியில் கொன்றுண்ணிகளின் குரல்களையும், இன்னொரு பகுதியில் தொல்லை செய்யாத விலங்குகளின் குரல்களையும் ஒலிபரப்பினார்கள். கொன்றுண்ணிக் குரல் கேட்ட பறவைகள் ஓர் ஆண்டில் 40 சதவீதம் குறைவான குஞ்சுகளையே வளர்த்தன. ஒரு கூடுகூடத் திருடுபோகவில்லை. பயத்தில் குறைவாக முட்டையிட்டன, அடிக்கடி கூட்டைவிட்டு எழுந்தன, குறைவாக இரை கொடுத்தன. 2011-இல் வெளிவந்தது இந்த ஆய்வு.

பூனைக்கும் இதே கதை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கரும்பூங்குருவிக் கூடுகளுக்கு அருகே பாடம் செய்த பூனை ஒன்றை 15 நிமிடம் மட்டும் வைத்து எடுத்தார்கள். அதன் பிறகு பெற்றோர் இரை கொண்டுவருவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கூட்டைக் காக்க அவை போட்ட கூச்சலே காக்கைக் குடும்பத்துக்கு வழிகாட்டியாகி, அந்தக் கூடுகள் பின்னர் அதிகம் கொள்ளைபோயின. பூனை எதையும் தொடவில்லை. இந்த இடத்தில் உங்கள் இரண்டு காக்கைகளைத் திரும்பிப் பாருங்கள். அவை ஏன் அங்கே சுற்றின? யாரோ அல்லது ஏதோ அந்தப் புதரருகே போய், சின்னான்கள் கத்தியிருக்கலாம். குழந்தைகளோடு தினமும் எட்டிப்பார்ப்பதும் அதே வேலையைத்தான் செய்யும்.

பூனை நேரடியாகக் கொல்வதும் கொஞ்சமில்லை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைப் பூனைகள் கொல்கின்றன என்று 2013-இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. அதில் பெரும்பங்கு ஆளில்லாத தெருப்பூனைகளுடையது. இதில் வலுவாக அடிபடுவது கூட்டைவிட்டு இறங்கிய முதல் வாரத்துக் குஞ்சுகள். இறகு முளைத்தும் சரியாகப் பறக்கத் தெரியாமல் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் உட்கார்ந்திருக்கும் வயது அது. அந்த வயதில் ஏன் வெளியே வருகின்றன என்று கேட்கலாம். கூட்டில் இருந்தால் ஒரே திருடன் எல்லாரையும் எடுத்துவிடுவான். சிதறினால் சிலவாவது தப்பும். கூட்டில் ஆபத்து அதிகமுள்ள இனங்களின் குஞ்சுகள் இறக்கை முழுதாக வளராமலே வெளியேறுவது இதனால்தான்.

இப்போது, என்ன செய்யலாம்? முதலாவது, கூட்டருகே போகாதீர்கள். பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் பார்வையிடுவதால் பல இடங்களில் இழப்பு கூடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் எப்போது போகக்கூடாது என்று அறிந்தவர்கள்: காக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது, தாய் இரையோடு காத்திருக்கும்போது, குஞ்சுகள் வெளியேறும் வயதை எட்டியபின். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். இறகு மூடிய குஞ்சுகள் கலவரப்பட்டால் முன்கூட்டியே குதித்துவிடும், திரும்ப வைத்தாலும் மறுபடி குதிக்கும். தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பாருங்கள். கூட்டை மறைக்கும் இலையையோ கிளையையோ படம் எடுப்பதற்காக விலக்காதீர்கள். கூடு இருக்கும் வரை அந்தப் புதரை வெட்டவே வேண்டாம்.

இரண்டாவது, இரைகொல்லிகளை ஈர்க்கும் நம் பழக்கங்கள். திறந்த குப்பை, மிச்சம் மீதி, தெருவில் கொட்டும் உணவு இவையெல்லாம் காக்கையையும் எலியையும் பூனையையும் அந்த இடத்தில் இயல்பைவிட அதிகமாக வாழவைக்கின்றன. பெரிய ஊனுண்ணிகள் மறைந்த இடங்களில் நடுத்தர ஊனுண்ணிகள் பெருகும். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் கயோட்டி என்ற நாய்க்குடும்ப விலங்குகள் இருந்த பள்ளத்தாக்குத் துண்டுகளில் பூனைகள் குறைவாகவும் புதர்ப்பறவைகள் அதிகமாகவும் இருந்தன என்று 1999-இல் எழுதினார்கள். காட்டைத் துண்டாக்குவதும் இப்படித்தான். ஓரங்கள் பெருகும்போது ஓரத்தில் திரியும் எலி, காக்கை, பூனை ஆகியவற்றின் கைக்கெட்டும் தூரத்தில் கூடுகள் வந்துவிடுகின்றன. என் கணக்கில் ஒரு காக்கையை விரட்டுவதைவிட ஒரு குப்பைத்தொட்டியை மூடுவது மேல்.

பூனை வளர்ப்பவர்கள் குஞ்சு இறங்கும் பருவத்தில் அதை உள்ளே வைத்திருந்தால் அதைவிட நல்ல உதவி இல்லை. முடியாவிட்டால், இறைச்சி அதிகமுள்ள உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த வேட்டை 36 சதவீதமும், தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாடவைத்த பூனைகளின் வேட்டை 25 சதவீதமும் குறைந்தது என்று 2021-இல் இங்கிலாந்தில் ஆய்வு செய்து சொன்னார்கள். கழுத்து மணியைவிட இது பூனைக்கும் பிடிக்கும்.

கூட்டுப்பெட்டி வைப்பவர்கள் வாசலை அந்தப் பறவைக்கு வேண்டிய அளவுக்கு மேல் பெரிதாக்கக்கூடாது. வீட்டுச் சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் போதும். வாசலுக்கு முன் உட்காரும் குச்சி வேண்டாம். அது பறவைக்குத் தேவையில்லை, கொள்ளைக்காரனுக்குத்தான் பிடிமானம். மரங்கொத்தியும் அணிலும் ஓட்டையைப் பெரிதாக்காமல் இருக்க வாசலைச் சுற்றி உலோகத் தகடு அடிக்கலாம். பெட்டியைக் கம்பத்தில் வைத்தால் நடுவில் அகலமான கூம்புத் தகடு மாட்டுங்கள். பாம்பும் எலியும் அதைத் தாண்டுவது கடினம். கம்பத்தில் கிரீஸ் தடவும் பழக்கம் தவறு, அது பறவையின் இறகில் ஒட்டினால் பிரிக்கமுடியாது.

தரையில் குஞ்சைக் கண்டால்: இறகு மூடி, தத்தித் தத்தி நடந்தால் அது கூட்டைவிட்டு வந்த வயது, தூக்காதீர்கள், நாயையும் பூனையையும் மட்டும் தள்ளி வையுங்கள். கண் திறக்காத வெற்றுடம்புக் குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைத்துவிடலாம். மனித வாடை பட்டால் தாய் கைவிட்டுவிடும் என்பது வெறும் கதை.

வலைக்கு வருகிறேன். புதரைச் சுற்றி வலை கட்டினால் இரை தூக்கிவரும் சின்னான்களே அதில் சிக்கும், அல்லது பயந்து கூட்டையே விட்டுவிடும். பெரிய பாம்பும் உடும்பும் மாட்டிச் சாகும். வலை உண்மையில் தடுப்பது பெரும்பாலும் காக்கையைத்தான். சிறிய பாம்பும் எலியும் எறும்பும் சுலபமாக நுழையும். மின்வேலியும் வலையும் சேர்த்துப் போட்ட ஆய்வில், அதை அமைத்து நாள்தோறும் கண்காணித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அதை வீட்டில் செய்யமுடியாது. உங்கள் சின்னான்கள் இந்நேரம் இன்னொரு புதரைத் தேடிக்கொண்டிருக்கும். பழைய கூட்டை அவை பெரும்பாலும் மறுபடி பயன்படுத்தாது, எடுத்தாலும் விட்டாலும் ஒன்றுதான். புதிதாக எங்கே கட்டுகின்றன என்று தேடிப் போகவேண்டாம்.